பெயர் அழித்த அண்டா

அதிகச் சம்பளத்துக்கு வேலை மாறுகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குறைந்த சம்பளத்துக்கு, அதுவும் சிரித்துக்கொண்டே மாறினால், ஊர் அவனைத் திருடன் என்கிறது. அப்படியென்றால் குற்றம் எது, சம்பளமா, சிரிப்பா?

சந்திரகலா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த, அரச பட்டம் பெற்ற டத்தோ இராமலிங்கம் முன்பணம் கொடுத்துவிட்டார். முன்பணம் கொடுத்தவரிடம் கேள்வி கேட்கலாம், தத்துவம் பேசக் கூடாது.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் அலுவலகம். கீழேயிருந்து மல்லிகை வாசம் வந்துகொண்டே இருக்கும். கணவன்மேல் சந்தேகத்தோடு வருகிற பெண்கள்கூடப் படியேறி முடிப்பதற்குள் கொஞ்சம் இளகிவிடுவார்கள். டத்தோ இளகவில்லை. அவர் பள்ளத்தாக்கு ரக்பி லீக்கின் தலைவர். ஆறு கிளப்புகள், அணிக்குப் பதின்மூன்று பேர், எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு டத்தோ.

"மறுபடி சொல்றேன் மேடம். சம்பள உச்சவரம்புன்னு ஒண்ணு வச்சிருக்கோம். ஒரு கிளப் அதோட ஆட்டக்காரங்க எல்லாருக்கும் சேர்த்து அவ்வளவுதான் குடுக்கலாம். பணக்கார கிளப் நல்ல பையன்கள எல்லாம் அள்ளிட்டுப் போகக் கூடாது. ஏழை கிளப் கடன வாங்கி அவங்களோட மோதிச் சாகக் கூடாது."

"கிள்ளான் காளைகள் கிளப் செத்துப்போச்சா?"

"செத்திருக்கணும்! மூணு வருஷமா அவங்களுக்கு ஸ்பான்சர் இல்ல. ஆனா சம்பளம் மட்டும் டாண்ணு போயிடுது. இப்ப பங்சார் கிளப்போட ஸ்டாரு, தனேஷ், அங்க வாங்கினதுல பாதிக்கு கிள்ளானுக்கு வந்துட்டான். பாதிக்கு எவனாச்சும் வருவானா? மீதிய மறைச்சுக் குடுக்கறாங்க."

"காதலா இருக்கலாம்ல டத்தோ?" என்றாள் ஜன்னலோரம் நின்ற ஃபஹீமா. சந்திரகலாவின் உதவியாளர். நாற்பதை நெருங்குகிறவள். அப்பாவின் துணிக்கடையில் பேரம் பேசிப் பேசியே நாக்கைக் கூராக்கிக்கொண்டவள். "எங்க வீட்டுக்காரரு என்னைக் கட்டிக்கறதுக்காக ஜொகூர்ல இருந்த நல்ல வேலைய விட்டுட்டு வந்தாரு. இன்னி வரைக்கும் அதைச் சொல்லிக்காட்டறாரு."

டத்தோ அவளைப் பார்க்காமல் தொடர்ந்தார். "இந்த சீசன்ல புது ரூல். கிளப்புக்குப் பணம் யாருகிட்டேருந்து வருதுன்னு லீக்குக்குச் சொல்லணும். மத்த அஞ்சு பேரும் சொல்லிட்டாங்க. கிள்ளான் தலைவர் ரெங்கசாமி மட்டும் வாயத் திறக்க மாட்டேங்கறாரு. நாளைக்கு சாயந்தரம் கமிட்டி கூடுது. யாரு குடுக்கறாங்க, எப்பலேருந்து குடுக்கறாங்க. இது ரெண்டும் உங்க ரிப்போர்ட்ல இல்லன்னா கிள்ளானுக்கு லைசென்ஸ் கட். கிளப்பே கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை காலை. நாளை சாயந்தரத்துக்குள். சந்திரகலா கைப்பையை எடுத்தாள்.

*

கிள்ளான் காளைகளின் கிளப் கட்டடம் பண்டமாரான் தாண்டி, ஒரு வயர் கிடங்குக்கும் கோழிக் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஃபஹீமா வாய்விட்டுச் சிரித்தாள்.

எங்கு பார்த்தாலும் உபயம். மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் ஒரே பெயர். அது சுற்றும்போது யாருடைய கொடை என்று தெரியாது, நின்றால்தான் தெரியும். பெஞ்சில் உபயம். தண்ணீர்க் குழாயில் உபயம். ஓடாத கடிகாரத்தில்கூட, 'உபயம்: முனியாண்டி குடும்பத்தினர்.'

"டைம் குடுக்கல, ஆனா பேரக் குடுத்துட்டாங்க" என்றாள் ஃபஹீமா.

தலைவர் ரெங்கசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒல்லியான, பிடிவாதமான மனிதர். ஓய்வுபெற்ற துறைமுக அதிகாரி.

"தனேஷுக்கு என்னா சம்பளமோ அதான் குடுக்கறோம். அதுக்கு மேல ஒரு வெள்ளிக் காசு கிடையாது. வேணும்னா பேங்குல கேளுங்க."

"நம்பறேன்" என்றாள் சந்திரகலா. "அந்தச் சம்பளத்த உங்களுக்கு யாரு குடுக்கறாங்க அங்கிள்?"

"கடவுள் குடுக்கறாரு."

"கடவுளுக்கு ரசீது போட்டீங்களா?" என்றாள் ஃபஹீமா.

"சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்மா. யாருன்னு சொல்ல மாட்டேன். கிளப்ப மூடினாலும் சரி." அவருடைய கண் ஒரு கணம் கொல்லைப்புறக் கதவுக்குப் போய்த் திரும்பியது.

சந்திரகலா அந்தக் கதவைத் திறந்தாள்.

கொல்லையில் ஓர் இரும்பு முக்காலி. அதன்மேல் ஒரு பிரம்மாண்ட அலுமினிய அண்டா, கல்யாண வீட்டில் ஊருக்கே சோறு வடிக்கிற அளவு. அண்டா நிறைய ஐஸ். ஐஸ் நடுவில், முழங்கால் தாடையை முட்ட, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மலை உட்கார்ந்திருந்தது.

"யா அல்லா" என்றாள் ஃபஹீமா. "மனுசனயே சமைக்கறாங்க."

மலை கண்ணைத் திறந்தது. "வணக்கம் ஆன்டி. கன்னையா. முன்வரிசையில ப்ராப். ட்ரெய்னிங் முடிஞ்சா இப்படி உக்காந்தாத்தான் தசைவலி போவும்." பல் தந்தியடித்தது. "எந்திரிச்சு நிக்காததுக்கு மன்னிச்சுக்குங்க. உள்ள வர்றது ஈசி, வெளிய வர ரெண்டு பேரு வேணும்."

சந்திரகலாவுக்கு மனசுக்குள் என்னவோ துள்ளியது. துப்பு கிடைத்துவிட்டது. ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"ஃபஹீமா, இங்க எதுல பேரு இல்ல?"

ஃபஹீமா அண்டாவைச் சுற்றி வந்தாள். "இதுலதான்."

"அதுவும் எப்படிப்பட்ட சாமான்ல! பாத்திரம் வாங்கினா பேரு வெட்டாம நம்ம ஆளுங்க வீட்டுக்கே எடுத்துட்டு வர மாட்டாங்க. டம்ளர்ல இருக்கும், கரண்டியில இருக்கும். இவ்ளோ பெரிய அண்டாவுல இல்லன்னா?"

விளிம்பை விரலால் தடவினாள். ஓர் இடத்தில் சொரசொரப்பு. பெயர் இருந்திருக்கிறது, யாரோ உளியால் கொத்தி அழித்திருக்கிறார்கள். கொத்திய இடம் புதிதாகப் பளபளத்தது. கீழே, முக்காலியின் கால்கள் நின்ற இடத்தில் சிமெண்டில் துரு ஆழமாக இறங்கியிருந்தது. இரண்டையும் பார்த்தாள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் அவள் மனதில் தனித்தனியாகக் கிடந்தன.

"கன்னையா, கையக் கொஞ்சம் தூக்குப்பா."

அண்டாவின் காது வளையத்தில் கிடந்த கையை அவன் தூக்கினான். வளையம் ஒட்டியிருக்கும் பட்டைக்குப் பின்னால், நெருப்பு படாத, யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் இரண்டு பெயிண்ட் புள்ளிகள். ஒன்று பச்சை. ஒன்று ரோஸ்.

"கேட்டரிங்காரங்க அடையாளம்" என்றாள் சந்திரகலா. "கல்யாண மண்டபத்துல கோயில் அண்டா, வாடகை அண்டா எல்லாம் கலந்துபோவும். கரி ஏறிட்டா பேரு தெரியாது. அதனால ஆளுக்கு ஒரு புள்ளி வச்சுக்குவாங்க. பேர அழிச்சவங்களுக்குப் புள்ளி ஞாபகம் வரல. தெனம் பாக்கறது கண்ணுக்குத் தெரியாதுல்ல."

பின்னால் ரெங்கசாமி பெருமூச்சு விட்டார். அதில் பாதி பயம், பாதி நிம்மதி.

"இன்னிக்கு முகூர்த்த நாளுக்கா" என்றாள் ஃபஹீமா, கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு. "கிள்ளான்ல இருக்கற அண்டா எல்லாம் இந்நேரம் அடுப்புலதான் இருக்கும். கல்யாணத்துக்குப் போலாமா? பசிக்குது லா."

*

முதல் மண்டபத்தில் அண்டாக்களின் காதுக்குப் பின்னால் நீலக் கோடு. இரண்டாவதில் மஞ்சள் பெருக்கல் குறி. இரண்டு மணமக்களுக்கும் அட்சதை போட்டார்கள். இரண்டாவது மணப்பெண்ணோடு ஃபஹீமா படம்கூட எடுத்துக்கொண்டாள். "அக்காவுக்கு ஒரு ஃப்ரெண்டு மாதிரி இருந்தீங்க, அதான்" என்று மாப்பிள்ளையின் தாயிடம் அவள் கொடுத்த விளக்கம் யாருக்கும் புரியவில்லை. ஆனால் எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாவது மண்டபத்தின் பின்கட்டில், ஆவிக்கு நடுவே, வரிசையாகப் பச்சையும் ரோஸும்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் துடுப்பு மாதிரி ஒரு கரண்டியோடு நின்றாள் ஒரு பெண். அறுபது வயதிருக்கும். அரிசி மூட்டைமேல் சாய்த்து வைத்த கைப்பேசியில் ஏதோ ஓர் ஆட்டத்தின் கூச்சல். அவளைத் தெரியாதவர் கிள்ளானில் இல்லை. மாரியாயி கேட்டரிங்கின் மாரியாயி.

தனேஷின் அம்மா.

"அக்கா" என்றாள் சந்திரகலா. "உங்க அண்டா ஒண்ணு வழி தவறி ரக்பி கிளப்புக்குப் போயிருக்கு."

கரண்டி நின்றது. மாரியாயி பக்கத்திலிருந்த பெண்களை, "போங்கடி, பந்திக்கு அப்பளம் போவட்டும்" என்று விரட்டினாள். பிறகு ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"புள்ளியா?"

"புள்ளிதான்."

"பேர அழிச்சா போதும்னு நெனச்சேன் தங்கச்சி. தனேஷும் அந்த அண்டாவுலதான குளிக்கறான். என் அடுப்படியில எந்தப் பானைக்கு என்ன புள்ளின்னு அவனுக்கு எங்க தெரியும்? திங்கத்தான் தெரியும்."

"அண்டா மட்டுமா, சம்பளமும் நீங்கதானா?"

"நான்தான். கல்யாணத்துல வர்ற லாபம் பாதி அங்கதான் போவுது. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு ரெங்கசாமி அண்ணன்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

சந்திரகலாவின் மனதில் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. வெளியூர் போய்விடுவானோ என்று பயந்த தாய். மகனை ஊரில் நிறுத்த அவனுடைய கிளப்பையே தாங்குகிறாள். மகன் வாங்குவது தாயின் பணம், அவனுக்கே தெரியாமல். மறைத்துக் கொடுத்த சம்பளம் எதுவும் இல்லை, உச்சவரம்பு மீறப்படவில்லை.

"மகனுக்காகச் செஞ்சீங்க" என்றாள்.

மாரியாயி தலையைக் குனிந்தாள். "ஆமா. பெத்த மனசு."

ஃபஹீமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு அவள் செய்கிற முதல் காரியம் குரல்செய்தி அனுப்புவது. "டத்தோ, கேஸ் முடிஞ்சிருச்சு! தாய்ப்பாசம் டத்தோ, தாய்ப்பாசம்!" என்று அவள் சொல்லி முடித்ததும் அவரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் குழைந்தது. "அம்மாவா? மகனுக்காகவா? அடடா. இத எழுதுங்க மேடம், கமிட்டியில நானே வாசிக்கறேன். லைசென்ஸ் என்னா, கைதட்டே கிடைக்கும்!"

மாரியாயி முகத்தில் வெளிச்சம் வந்தது. ஒரு தட்டில் கேசரி வந்தது. கைப்பேசியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

சந்திரகலா மட்டும் கேசரியைத் தொடவில்லை. சிமெண்டில் இறங்கிய துரு அவளை உறுத்தியது. மூன்று வருடமாக ஸ்பான்சர் இல்லாமல் சம்பளம் போகிறது என்று டத்தோவே சொன்னார். தனேஷ் வந்தது இந்த சீசனில். பெயரை அழித்தது புதிது, அண்டா வந்ததோ பழசு.

"யாரு ஆட்டம்க்கா இது?"

"இதா? போன வருஷ செமி ஃபைனல்" என்றாள் மாரியாயி. துணியால் கையைத் துடைத்துக்கொண்டு திரைக்கு நெருங்கினாள். "இத எத்தன தடவ பாத்தாலும் சலிக்காது. இப்ப வரும் பாரு. பங்சார்காரன் ஒருத்தன் ஓரமா ஓடி வருவான், பெரிய இவனாட்டம். நம்ம கன்னையா எங்கேருந்து வர்றான் பாரு... வர்றான்... போட்டான் பாரு! போட்டான் பாரு ஒரே போடு!"

கரண்டியால் மூட்டையை ஓங்கி அடித்தாள். திரையில் ஒரு வாலிபன் காற்றில் மல்லாந்து போய், விளம்பரப் பலகைக்குள் விழுந்தான். மாரியாயி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஃபஹீமாவும் சேர்ந்து சிரித்தாள்.

"அந்தப் பங்சார்காரன் யாருக்கா?" என்றாள் சந்திரகலா மெதுவாக.

சிரிப்பு பாதியில் நின்றது. அடுப்பில் ரசம் பொங்கியது.

"எம் மவன்தான்" என்றாள் மாரியாயி.

ஃபஹீமா கேசரித் தட்டைக் கீழே வைத்தாள். "ஆன்டி! பெத்த மனசு எங்க போச்சு?"

"அடி படல. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தான், நான்தான் தைலம் தேச்சு விட்டேன்." மாரியாயி அடுப்பைத் தணித்தாள். முதுகைக் காட்டியபடியே பேசினாள். "மூணு வருஷத்துக்கு முன்ன அந்த கிளப்புல ஒரு விருந்துக்கு சமைக்கப் போனேன். முன்னாடி கிரவுண்டுல ஆட்டம். அது வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒருத்தன் பந்த வச்சுக்கிட்டு ஓடறான், நாலு பேரு அமுக்கறாங்க. எந்திரிச்சு, பந்தக் காலுக்குப் பின்னால உருட்டிட்டு, மறுபடி முட்டறாங்க. ஆறு தடவதான் சான்ஸு. அப்புறம் பந்த எதிராளிகிட்ட குடுத்துட்டு, பின்னால போயி நிக்கணும். ரகள பண்ணக் கூடாது. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு தங்கச்சி. ஏன்னு கேக்காத. அன்னிக்கு சாம்பாருல உப்பு போட மறந்துட்டேன்."

"அப்ப தனேஷ் பங்சார் டீம்ல."

"ஆமா. அவன் எனக்கு அங்க டிக்கட் எடுத்துக் குடுப்பான். ஆர்டர் இருக்குடான்னு சொல்லிட்டு, மொகத்துல மாஸ்க் போட்டுக்கிட்டு கிள்ளான் பக்கம் நின்னு கத்துவேன். கிளப்ப மூடப் போறாங்கன்னு ரெங்கசாமி அண்ணன் அழுதப்ப, நான் தரேன்னு சொல்லிட்டேன். வீட்டுல எல்லாருக்கும் சமைச்சாச்சு, எல்லாருக்கும் கட்டிக் குடுத்தாச்சு. இது மட்டும் எனக்கு."

"அப்புறம் எப்படி தனேஷ் இங்க வந்தாரு?"

"கெடுத்தான்!" மாரியாயி திரும்பினாள். உண்மையான கோபம். "அம்மா தனியா இருக்காங்களாம், கூடவே இருக்கணுமாம். பாதி சம்பளம் போதும்னு வந்து நிக்கறான். நான் என்னா சொல்ல முடியும்? அவன் சம்பளத்துக்கு எடம் பண்ண, முன்வரிசையில நடுவுல நிக்கற அருமையான ஹூக்கர் பையன் ஒருத்தன வெளிய அனுப்பிட்டோம். உச்சவரம்பாம்ல! அந்தப் பையன் இருந்திருந்தா இந்நேரம் ஃபைனல்ல நின்னிருப்போம்."

ஃபஹீமா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அதாவது, நீங்க உங்க மவனுக்கு எதிரா மூணு வருஷம் காசு போட்டீங்க. அவரு உங்க மேல பாசத்துல பாதி சம்பளத்துக்கு வந்து, உங்க டீமையே கவுத்துட்டாரு."

"சிரி. நல்லாச் சிரி."

சந்திரகலாவும் சிரித்துவிட்டாள். அவளுடைய அலுவலகத்தில் வாசல் மணி அடிக்கிற சத்தம் அளவுக்குத்தான் அவள் சிரிப்பு வழக்கமாக இருக்கும். இது பின்கட்டைத் தாண்டிப் பந்தி வரைக்கும் போயிருக்கும். சிரிப்பு அடங்கியபோது உள்ளே ஏதோ ஓர் இடம் வலித்தது. இன்சூரன்ஸ் வேலையை விட்டுவிட்டு அவள் இந்தத் தொழிலைத் தொடங்கியபோது, கணவர் போன துக்கத்தை மறக்கத்தான் என்று சொந்தக்காரர்கள் தாங்களாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அதற்காக அவளை மன்னித்தும் விட்டார்கள். உண்மையில் பூட்டிய கதவைப் பார்த்தால் அவளுக்குக் கை குறுகுறுக்கும். அவ்வளவுதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நம்பியிருப்பார்களா என்றும் தெரியாது.

பந்தியில் இரண்டாம் சாம்பார் கேட்டார்கள். மாரியாயி வாளியை நிரப்பி அனுப்பிவிட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"தங்கச்சி. எம் பேர எழுதிக்க. கிளப்பு பொழைக்கணும், இனி மறைக்க முடியாது. ஆனா எப்பலேருந்துன்னு கேட்டிருக்காங்கல்ல, அங்க இந்த வருஷம்னு போட்டுடு. மகன் வந்ததுக்கப்புறம், மகனுக்காகக் குடுத்தேன்னு. டத்தோவே அப்படித்தான நெனச்சிருக்காரு. அவருக்கும் சந்தோசம், கேக்கறவங்களுக்கும் நல்லாருக்கும். மூணு வருஷம்னு போட்டா அவனுக்குத் தெரிஞ்சுபோவும். பெத்தவ எதிர்ப்பக்கம் நின்னு கைதட்டினான்னா அவன் மனசு என்னாவும்?"

பழைய பணத்தால் கிளப்புக்கு ஆபத்தில்லை. விதி இந்த சீசனில்தான் வந்தது. பொய் எழுதினாலும் லைசென்ஸ் நிலைக்கும். உண்மை எழுதினாலும் நிலைக்கும். ஆனால் உண்மை எழுதினால் இன்று ராத்திரியே இந்தப் பெண் தன் மகன் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும்.

ஃபஹீமா சந்திரகலாவையே பார்த்தாள். அவளிடம்கூட இப்போது நகைச்சுவை இல்லை. "அக்கா, ஒரு வரிதான" என்றாள் மெல்ல.

ஒரு வரிதான். எழுதினால் எல்லாருக்கும் பிடித்த அம்மா ஒருத்தி கிடைப்பாள். மாஸ்க் போட்டுக்கொண்டு தொண்டை கிழியக் கத்திய பெண் மட்டும் எந்தக் காகிதத்திலும் இருக்க மாட்டாள்.

சந்திரகலா மாரியாயியின் ஈரக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தனேஷ்கிட்ட நீங்க சொல்லும்போது நான் வேணும்னா கூட உக்காந்திருக்கேன்க்கா" என்றாள். "மகனுக்காகன்னு மட்டும் நான் எழுத மாட்டேன்."